கேட்டு வாங்கும் விடுமுறை

2023 நவம்பர் 29ஆம் திகதி கனடிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. எந்த விடயத்திலும் ஒத்துப்போகாத கட்சிகள் எல்லாம் இதில் மட்டும் ஒரே பக்கம் நின்றன. கியூபெக் மாகாணத்தின் புளொக் கெபெக்குவா கட்சி கொண்டுவந்த தீர்மானம் அது. தலைமுறைகளாக நாட்டின் மரபோடு கலந்துவிட்ட விழாக்களை வைத்து மக்களைப் பிரிக்கப் பார்ப்பதைக் கண்டித்த அந்தத் தீர்மானம், வரப்போகும் கிறிஸ்மஸ் காலத்தில் எல்லாரும் ஒன்றுபட வேண்டும் என்றும் அழைத்தது. கிறிஸ்மஸ் கொண்டாடுவது இனவாதம் ஆகாது என்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் சபையில் சொன்னார்.

அப்படிச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது? ஐந்து வாரங்களுக்கு முன், கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழு மதச் சகிப்பின்மை பற்றிக் கலந்துரையாடல் அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தது. இந்நாட்டில் சட்டப்படி விடுமுறை கிடைக்கும் மத நாட்கள் கிறிஸ்மஸும் உயிர்த்த ஞாயிறையொட்டி வரும் நாளும் மட்டுமே. மற்ற மதத்தவர் தங்கள் புனித நாளைக் கொண்டாட லீவு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. சிறுபான்மை மதங்கள் மீதான பாகுபாடு அமைப்பிலேயே ஊறிக் கிடப்பதற்கு இதை ஓர் உதாரணமாக அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. கிறிஸ்மஸை நிறுத்துங்கள் என்று அதில் எங்குமே இல்லை. ஆனால் செய்தி பரவப் பரவ, ‘கிறிஸ்மஸ் இனவாதமாம்’ என்ற ஒற்றை வரியாக அது சுருங்கியது. நாடாளுமன்றம் பதில் சொன்னதும் அந்த ஒற்றை வரிக்குத்தான்.

அந்த அமளியில் யாரும் காதுகொடுக்காமல் விட்ட ஒரு தரப்பு உண்டு. கிறிஸ்மஸ் அன்று வேலைக்குப் போகிறவர்கள். முதியோர் இல்லத்தில், விமான நிலையத்தில், பெற்றோல் நிலையத்தில், ஹோட்டல் சமையலறையில் டிசம்பர் 25ஆம் திகதி நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் எங்களைப் போல வந்தேறியவர்கள். இலங்கையில் பிறந்து ரொறன்ரோவில் குடியேறியவன் நான். கிறிஸ்மஸை எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன ஒரு தமிழரையும் நான் இங்கே சந்தித்ததில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்மஸ் மரம் நிற்கும் வீடுகள் ஸ்காபரோவில் தெருவுக்குத் தெரு உண்டு. எங்களுக்கு அந்த நாளோடு எந்தப் பகையும் கிடையாது. எங்கள் நாளை ஏன் ஒவ்வொரு வருடமும் கெஞ்சிக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. ஆணைக்குழு அதைத் தொட்டது. தொட்ட இடம் சரி; ஆனால் சம்பந்தப்பட்டவனிடம் போய் நிற்காமல் தத்துவம் பேசிவிட்டு நின்றது. நாடாளுமன்றம் தொடவே இல்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படியான பொது விடுமுறைகள் 9. புத்தாண்டு, பெப்ரவரியில் குடும்ப நாள், பெரிய வெள்ளி, விக்டோரியா நாள், கனடா நாள், தொழிலாளர் நாள், நன்றி நவிலல் நாள், கிறிஸ்மஸ், அதற்கு மறுநாளான பாக்ஸிங் நாள். இவற்றில் நேரடியாக மதத்தைச் சேர்ந்தவை பெரிய வெள்ளியும் கிறிஸ்மஸும். 2001 குடிசனக் கணக்கெடுப்பில் கனடியர்களில் 77 வீதத்தினர் கிறிஸ்தவர்கள். 2021இல் அது 53.3 வீதம். மதமே இல்லை என்று சொன்னவர்கள் 34.6 வீதம்; முஸ்லிம்கள் 4.9, இந்துக்கள் 2.3, சீக்கியர் 2.1, பௌத்தர் 1, யூதர் 0.9. இருபது வருடத்தில் மக்கள் இவ்வளவு மாறிவிட்டார்கள். விடுமுறைப் பட்டியலில் அந்தக் காலத்தில் சேர்ந்தது 2008இல் வந்த குடும்ப நாள் ஒன்றுதான். அது எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத நாள்.

இருந்தும், கனடாவை மதச் சகிப்பில்லாத நாடு என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம், நான் வந்த நாடு.

விடுமுறைகள் நிறைந்த தீவு

இலங்கையின் நாட்காட்டியைப் போல ஒன்றை உலகில் காண்பது அரிது. தைப்பொங்கல், மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி, சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மீலாத் நபி, தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் அரச விடுமுறை. அதற்கு மேல் மாதந்தோறும் பௌத்தர்களின் பூரணைப் போயா. நான்கு பெரிய மதங்களுக்கும் அரசாங்கம் நாள் ஒதுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். வெசாக்குக்கு வெளிச்சக் கூடு பார்க்கப் போவோம். மடு மாதா திருவிழாவுக்குச் சைவக் குடும்பங்களும் வண்டி கட்டிப் போகும். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றுபவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கோயிலில்தான் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்தது. நீர்கொழும்பு செபஸ்தியார் தேவாலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் அதே காலையில். இறந்தவர்கள் 260க்கும் மேல். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் கண்டி திகணையில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் கொளுத்தின. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் தகனமே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். நோன்புப் பெருநாளுக்கு லீவு கொடுத்த அதே அரசாங்கம்தான்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக எங்கள் மொழியே பேசி வாழ்ந்தவர்கள் கையில் ஒரு பையோடு நடந்தார்கள். புலம்பெயர் மண்ணில் மதச் சகிப்பைப் பற்றித் தமிழர் எழுதும் எந்தக் கட்டுரையிலும் இந்த ஒக்டோபர் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதை விட்டுவிட்டு எழுதினால் நாங்கள் கேட்கும் நியாயத்துக்குப் பாதி பலம் போய்விடும்.

இலங்கை நாட்காட்டியில் இன்னொரு பக்கமும் உண்டு. இங்குள்ள இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டது. வளர்பிறை, தேய்பிறை, பூரணை, அமாவாசை என்று மாதத்துக்கு நான்கு போயா நாட்களும் அவற்றுக்கு முந்தைய நாட்களும் வார விடுமுறை ஆகின. நிலவின் கணக்கில் வாரம் சில வேளை ஆறு நாளாகவும் சில வேளை எட்டு நாளாகவும் வந்தது. ஞாயிறு வேலை நாளானதால் கிறிஸ்தவர்கள் பூசைக்குப் போய்விட்டு ஓட்டமும் நடையுமாக அலுவலகம் போனார்கள். வெளிநாட்டு வணிகம் குழம்பிப்போக, 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. மறு வருடம், 1972இல், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியல் யாப்பில் எழுதினார்கள். 1978 யாப்பிலும் அது அப்படியே தொடர்கிறது.

ஆக, அரசாங்கம் ஒரு மதத்துக்கு நாள் கொடுப்பதும் அந்த மதத்தவனைப் பாதுகாப்பதும் வேறு வேறு காரியங்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நம்பி ஏமாந்த தீவிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதனால்தான் கனடாவில் தீபாவளிக்கு விடுமுறை அறிவிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்க வரும்போது நான் கையெழுத்துப் போட்டாலும், அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்லை.

சைக்கிள் பூட்டும் ஒரு விற்பனைப் பெண்ணும்

கனடா இன்று இருக்கும் நிலைக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1906இல் இயற்றிய ‘ஆண்டவரின் நாள்’ சட்டம் ஞாயிறன்று கடை திறப்பதைக் குற்றமாக்கியது. 1982 ஏப்ரலில் உரிமைகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஆறு வாரம் கழித்து, மே 30ஆம் திகதி ஞாயிறன்று, கல்கரி நகரத்தில் பிக் எம் என்ற மருந்துக் கடைக்குள் பொலிஸார் போனார்கள். மளிகைச் சாமான், பிளாஸ்டிக் கோப்பை, ஒரு சைக்கிள் பூட்டு. இவற்றை விற்றதற்காக வழக்கு. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாதென்றது. கிறிஸ்தவரின் ஓய்வு நாளை எல்லாரும் அனுசரிக்கச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துவது மத சுதந்திரத்துக்கு விரோதம் என்று தீர்ப்பில் தலைமை நீதிபதி பிரையன் டிக்சன் விளக்கினார். கனடாவில் மத சுதந்திரம் பற்றி அதன் பின் வந்த ஒவ்வொரு தீர்ப்பும் இந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் நடக்கிறது.

ஆனால் குடியேறியவனுக்கு அதைவிடப் பெரிய உதவி செய்தது அதே வருடம் டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு. ஒன்ராறியோவின் கிங்ஸ்டன் நகரத்தில் சிம்சன்ஸ்-சியர்ஸ் கடையில் விற்பனைப் பணியாளராக இருந்தவர் தெரசா ஓமலி. 1978இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அவர்களுக்கு ஓய்வு நாள். கடைக்கோ வெள்ளி மாலையும் சனியும்தான் கூட்டம். முழுநேர வேலை போய்ப் பகுதிநேரமாயிற்று. கடைக்காரர்களுக்கு அவருடைய மதத்தின் மேல் எந்த வெறுப்பும் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்றார்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்பதே ஒருவரை மட்டும் நசுக்கினால் அது பாகுபாடுதான், கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சிரமம் வராத வரை அந்தத் தொழிலாளிக்கு இடம்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இழந்த சம்பளத்தின் வித்தியாசத்தையும் அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

இன்று ரொறன்ரோவில் ஒரு முஸ்லிம் பொடியன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் கேட்கிறான் என்றால், ஒரு சீக்கியர் தலைப்பாகையோடு வேலை செய்கிறார் என்றால், அந்தக் கிறிஸ்தவப் பெண் ஏழு வருடம் விடாமல் நடத்திய போராட்டமும் அதற்குப் பின்னால் இருக்கிறது. சிறுபான்மை உரிமையைக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே சிறுபான்மையாக இருந்த ஒருவர் வாங்கிக் கொடுத்தார் என்பதை எங்கள் ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1992இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத் துப்புரவுப் பணியாளரின் வழக்கில், இந்தக் கடமை முதலாளிக்கு மட்டுமில்லை, தொழிற்சங்கத்துக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அவரும் அட்வென்டிஸ்ட். வெள்ளி மாலை ஷிஃப்ட்தான் அங்கேயும் பிரச்சினை.

சம்பளம்? அங்கேதான் கதை சிக்கலாகிறது. மொன்றியலுக்குத் தெற்கே ஷாம்பிளி பள்ளிச் சபையில் மூன்று யூத ஆசிரியர்கள் 1985இல் யோம் கிப்பூர் நாளுக்கு லீவு கேட்டார்கள். லீவு கிடைத்தது, அன்றைய சம்பளம் வெட்டப்பட்டது. பள்ளி நாட்காட்டி எல்லாருக்கும் பொதுவானது என்று சபை வாதாடியது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவ ஆசிரியருக்குக் கிறிஸ்மஸும் பெரிய வெள்ளியும் சம்பளத்தோடு தானாக வந்துவிடுகின்றன. யூத ஆசிரியர் தன் மதத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். அந்த நாட்காட்டியின் விளைவு பாகுபாடு. 2023இல் ஆணைக்குழு சொன்னபோது நாடே கொதித்த கருத்தை, 29 வருடத்துக்கு முன்பே நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்போது ஒரு தீர்மானமும் வரவில்லை.

ஆனால் அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடைத்ததற்கு அவர்களுடைய தொழிற்சங்க ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்ததும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரிப் பார்த்தது. வேலை நேரத்தை மாற்றிப் போட்டு அந்த நாளை ஓய்வாக எடுத்துக்கொள்ள வழி செய்தாலே போதும், சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்றது. அது அரச ஊழியர் ஒருவரின் வழக்கு. அலுவலக மேசையில் இருப்பவருக்கு நேரத்தை மாற்றுவது சுலபம். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்பவருக்கு?

சுவரில் ஒட்டிய தாள்

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அந்த இல்லத்து ஓய்வறைச் சுவரில் முன்பு ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஆறு வாரத்து ஷிஃப்ட் அட்டவணை. பெயர்களை வெட்டி, அம்புக்குறி போட்டு, ஓரத்தில் கையெழுத்து வைத்து, அது ஒருவருக்கொருவர் நாள் மாற்றிக்கொள்ளும் சந்தையாகவே இருந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவில் பூசைக்குப் போக வேண்டிய பிலிப்பினோப் பெண்ணின் ஷிஃப்டை அக்கா எடுப்பார். தீபாவளிக்கு அவர் அக்காவின் காலை ஷிஃப்டை எடுப்பார். நோன்புக் காலத்தில் சோமாலியப் பெண் ஒருவர் மாலை ஷிஃப்டைக் காலைக்கு மாற்றிக்கொள்வார். ஜமைக்கா நாட்டு மூதாட்டி ஒருவருக்குச் சனி கூடாது, அவரும் அட்வென்டிஸ்ட். இதற்கெல்லாம் எந்த அதிகாரியும் கூட்டம் போட்டதில்லை, பயிற்சிப் பட்டறை வைத்ததுமில்லை.

“நான் இருபத்தைஞ்சாம் திகதி வேலை செய்யிறன் தம்பி, அதிலை எனக்கொரு குறையுமில்லை. அண்டைக்கு ஒண்டரைச் சம்பளம், பிறகென்ன. எனக்குத் தீபாவளி அண்டு விடிய முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போகோணும். அவ்வளவுதான் கேக்கிறன்.”

பிறகு நிர்வாகம் மாறியது. தாள் போய்க் கைப்பேசிச் செயலி வந்தது. மாற்றிக்கொள்வதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டால், நாள் கடந்த பிறகும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டும். அடுத்த தீபாவளிக்கு அக்கா வேலைக்குப் போனார். ஏன் எழுத்தில் கேட்கவில்லை, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதே என்று கேட்டேன். “சட்டம் இருக்கும் தம்பி. ஷிஃப்டைக் குறைச்சுப்போட்டா?” என்றார். முழுநேரப் பணியாளர் இல்லை அவர். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்பது மேலதிகாரியின் கையில் இருக்கிறது. தெரசா ஓமலி நடந்த தூரத்தை நடக்க அவருக்கு வசதியில்லை.

எங்களில் ஏராளமானோர் செய்வது வேறு. தீபாவளி விடிய ஃபோன் எடுத்து “சுகமில்லை” என்று சொல்வது. சாமி கும்பிடப் போவதற்கு ஒரு பொய். தொழிற்சாலைகளில் இதை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்து வருகிறேன். இங்கு பிறந்து நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகளும் இதையே சொல்லக் கேட்கும்போது வயிறு எரிகிறது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தும் அதைக் கேட்பவன் கூச வேண்டியிருந்தால், கேட்டதற்காக மணித்தியாலம் குறையும் என்று பயப்பட வேண்டியிருந்தால், அந்தச் சகிப்பில் பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைப்பது சட்டமன்றத்தின் வேலை.

கோயில்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டன. தேர்த் திருவிழாக்களைக் கோடை மாதத்துச் சனி ஞாயிறுகளுக்குக் கொண்டுவந்தார்கள். சரஸ்வதி பூசை வார இறுதிக்கு வந்தது. வீட்டில் திவசமும் அப்படித்தான். ஆனால் பொங்கலை நகர்த்த முடியாது. ஜனவரி நடுவில் ரொறன்ரோவில் சூரியன் உதிக்க ஏழே முக்கால் மணி தாண்டும். அடுப்பில் பானை வைத்து, பால் பொங்கி, கொட்டும் பனிக்குள் கதவைத் திறந்து கிழக்கைப் பார்த்துப் படைத்து முடிப்பதற்குள் பள்ளிக்கூட பஸ் வந்துவிடும். அந்தப் பொங்கல் மாதத்தைத்தான் தமிழ் மரபுத் திங்கள் என்று 2014இல் ஒன்ராறியோ சட்டமன்றமும் 2016இல் கனடிய நாடாளுமன்றமும் அறிவித்தன. நவம்பர் இந்து மரபுத் திங்கள். ஒக்டோபர் இஸ்லாமிய மரபுத் திங்கள். ஏப்ரல் சீக்கியருடையது. மாதம் மாதமாகக் கொடுத்திருக்கிறார்கள், நன்றியோடு வாங்கிக்கொண்டோம். அவற்றில் ஒரு காலைப்பொழுதாவது வேலைக்குப் போகாமல் இருக்கலாமா என்று அக்காவைப் போன்றவர் கேட்டால் அந்த அறிவிப்புகளில் பதிலில்லை.

வெடிக்கும் இதே கதைதான். ரொறன்ரோவில் விக்டோரியா நாளுக்கும் கனடா நாளுக்கும் வீட்டு வளவில் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வாணம் விடலாம்; தீபாவளிக்கு அனுமதி கேட்க வேண்டும். பக்கத்து நகரமான பிரம்ப்டன் தீபாவளிக்கும் அனுமதித்திருந்தது. சத்தமும் குப்பையும் பற்றி முறைப்பாடுகள் குவியவே, 2022இல் எல்லா நாளுக்கும் சேர்த்துத் தடை போட்டார்கள். அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். எல்லாருக்கும் ஒன்றாகப் போட்ட தடை. அதோடு நடுச்சாமம் தாண்டியும் அயலவரைத் தூங்கவிடாமல் வெடித்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்.

கியூபெக் காட்டும் மற்ற வழி

பொது இடத்திலிருந்து மதத்தை எடுத்துவிட்டால் எல்லாரும் சமம்தானே என்று ஒரு கட்சி உண்டு. கியூபெக் அந்த வழியில் போகிறது. 1936இல் மாகாணச் சட்டமன்றத்தில் மாட்டிய சிலுவையை அகற்றும்படி 2008இல் புஷார்-டெய்லர் ஆணைக்குழு பரிந்துரைத்தபோது, அது எங்கள் பாரம்பரியம் என்று சொல்லி அன்றைக்கே ஏகமனதாக மறுத்தார்கள். 2019 ஜூலையில் ஒருவாறு இறக்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் 21ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்தது. அரச பள்ளி ஆசிரியர், பொலிஸ், அரச வழக்கறிஞர் போன்றவர்கள் வேலை நேரத்தில் மத அடையாளம் அணியக் கூடாது. 2021 டிசம்பரில் செல்சி என்ற ஊரில் ஹிஜாப் அணிந்த ஆசிரியை ஒருவரை வகுப்பிலிருந்து எடுத்து வேறு பணிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் பள்ளி வேலியில் பச்சை நாடா கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிலுவையை இறக்கியதும் ஹிஜாபை இறக்கச் சொன்னதும் சமம் என்று எனக்குப் படவில்லை. சிலுவை சுவரில் இருந்தது. ஹிஜாப் ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறது. சுவருக்குச் சம்பளம் போகாது.

அதே கியூபெக்கில் எனக்குப் பிடித்த காட்சியும் உண்டு. மொன்றியலுக்கு மேற்கே ரிகோ என்ற ஊரில் லூர்து மாதா திருத்தலம் இருக்கிறது. கோடையில் அங்கே யாத்திரை வருபவர்களில் பெருந்தொகையினர் ஈழத் தமிழர். அவர்களில் கணிசமானோர் சைவர்கள். மடுவுக்குப் போன கால்கள் ரிகோவுக்கும் போகின்றன. ஒன்ராறியோவில் மிட்லண்ட் மறைசாட்சிகள் திருத்தலத்துக்கும் அப்படித்தான் பஸ் பிடித்துப் போகிறோம். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மட்டும் ஒன்ராறியோ அரசு முழு நிதி கொடுப்பது பாகுபாடு என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது; இன்றும் அது மாறவில்லை. அந்தப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளில் எங்கள் சைவப் பிள்ளைகளும் திருநீறோடு படிக்கிறார்கள். மக்கள் இவ்வளவு இலகுவாகக் கடந்துபோகும் இடங்களில் அரசாங்கங்கள் தடுமாறுகின்றன.

எங்கள் முதலாளிமாரும் தடுமாறுகிறார்கள். தமிழர் நடத்தும் கடைகளிலும் பண்டசாலைகளிலும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போக நேரம் கேட்ட தமிழ் முஸ்லிம் தொழிலாளிக்குக் கிடைத்த பதில்களை நான் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்கு லீவு கேட்டவரிடம் “அண்டைக்குத்தான் வியாபாரம்” என்று சொன்ன சைவ முதலாளிகளையும் தெரியும். ஓமலி தீர்ப்பு அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. சகிப்பை வெள்ளைக்காரரிடம் மட்டும் எதிர்பார்த்துவிட்டு, எங்கள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அதை மறப்பது அநியாயம்.

என்ன செய்யலாம்

பத்தாவது, பதினோராவது விடுமுறையாகத் தீபாவளியையும் நோன்புப் பெருநாளையும் சேர்க்கச் சொல்லலாம். நியூயோர்க் நகரப் பள்ளிகள் 2015இல் பெருநாட்களையும், 2024 நவம்பர் 1ஆம் திகதி முதன்முறையாகத் தீபாவளியையும் விடுமுறையாக்கின. சிங்கப்பூரில் தீபாவளி, வெசாக், இரண்டு பெருநாட்கள், பெரிய வெள்ளி, கிறிஸ்மஸ் எல்லாமே விடுமுறை. ஆனால் அங்கே 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து போனது. பட்டியல் போட்டால் யாராவது வெளியே நிற்பார்கள். அட்வென்டிஸ்ட் மூதாட்டிக்கு எந்தப் பட்டியலிலும் இடம் வராது. அவருடைய நாள் வாரத்துக்கொரு முறை வருவது.

ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தராதரச் சட்டத்தில் ஏற்கனவே ஒரு கதவு இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களில் பலருக்கு அது தெரியாது. பொது விடுமுறை நாளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், அன்றைய சாதாரணச் சம்பளத்தோடு, பதிலுக்கு இன்னொரு நாளைச் சம்பள விடுமுறையாக எடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும். தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் 12 மாதம் வரை தள்ளலாம். டிசம்பர் 25 வேலை செய்தவர் அடுத்த ஒக்டோபரிலோ நவம்பரிலோ வரும் தீபாவளியை அந்த நாளாக எழுதி வாங்கலாம். பெரிய வெள்ளியில் வேலை செய்தவரும் அப்படியே. எந்த நாள் என்று முதலாளி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சம்பளத்தோடு ஒரு தீபாவளி, பொய் சொல்லாமல்.

ஆனால் அந்த நாள் எது என்பதில் முதலாளியும் உடன்பட வேண்டும். அதைவிட, மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல், உணவகம் போன்ற இடங்களில், விடுமுறை நாள் வழக்கமான வேலை நாளில் விழுந்தால் தொழிலாளியைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். பதில் நாள் கொடுப்பதா ஒன்றரைச் சம்பளம் கொடுப்பதா என்று முதலாளியே முடிவு செய்யலாம். குடியேறியவர்கள் குவிந்திருக்கும் தொழில்கள் அவைதான்.

நான் கேட்பது இதுதான். கிறிஸ்மஸிலோ பெரிய வெள்ளியிலோ வேலை செய்த எவரும், மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்தால், பதில் நாளைத் தன் மத நாளில் எடுக்கும் உரிமை சட்டத்தில் வர வேண்டும். மறுப்பதானால் காரணத்தை முதலாளி எழுத்தில் தர வேண்டும். கேட்டதற்காக மணித்தியாலத்தைக் குறைத்தால் அபராதம் வர வேண்டும். புதிதாக ஒரு பொது விடுமுறையும் தேவையில்லை; யாருடைய கிறிஸ்மஸும் குறையாது. தமிழ் மரபுத் திங்களுக்குச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கைதட்டிய உறுப்பினர்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் மேடைகளுக்கு வருகிறார்கள். அடுத்த பொங்கல் மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு முன், இந்தத் திருத்தத்தைத் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவருவீர்களா என்று சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் அவர்களிடம் கேட்க வேண்டும். பள்ளிவாசல்களையும் யூத ஆலயங்களையும் அட்வென்டிஸ்ட் சபைகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.